உப்பு ஏறினால் பாசி மாறும்: கென்ய ஏரிகளில் சயனோபாக்டீரியா

நைரோபியிலிருந்து வடமேற்கே போகும் நெடுஞ்சாலையில் முதலில் நைவாஷா ஏரி வரும். அடுத்து எல்மென்டெய்ட்டா, அதற்கும் அடுத்து நகுரு. நைவாஷாவுக்கும் நகுருவுக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைவாஷாவின் நீர் நன்னீர். ஓரத்தில் பாபிரஸ் கோரை ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், நீர்யானைகள் முக்குளித்துக் கிடக்கும், சுற்றிலுமுள்ள ரோஜாத் தோட்டங்கள் அந்த நீரை உறிஞ்சி ஐரோப்பாவுக்குப் பூ அனுப்பும். நகுருவின் நீரோ விரலிடுக்கில் சோப்புக் கரைசலைப் போல வழுக்கும். மாடு வாய் வைக்காது.

இரண்டு ஏரிகளிலிருந்தும் ஒவ்வொரு கண்ணாடிக் குவளை நீர் எடுத்து மேசைமேல் வைத்தால் இரண்டுமே பச்சையாகத் தெரியக்கூடும். நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அவை வேறு வேறு பச்சை என்பது புரியும். ஒன்றில் ஒரு சந்தையே கூடியிருக்கும். மற்றொன்றில் ஒரே உருவம் திரும்பத் திரும்ப, சுருள் கம்பிகளைக் கொட்டி வைத்ததுபோல் கிடக்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். உப்பு என்பது சரியான விடைதான், ஆனால் பாதி விடை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர் விவசாயிகளுக்கு இவை 'நீலப்பச்சைப் பாசி' என்றே பழக்கம். வயலில் அசோலா விடுகிறோமே, அதன் இலைப் பொந்துக்குள் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கித் தருவது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றுதான். பாசி என்று அழைத்தாலும் இவை பாசி இனமல்ல, பாக்டீரியா. செல்லுக்குள் உட்கரு கிடையாது. ஆனால் செடிகளைப் போலவே சூரிய ஒளியில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியிடும். 'செடிகளைப் போல' என்று சொல்வதுகூட வரிசையைத் தலைகீழாக்குவதாகும். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இவற்றால். பின்னர் இவற்றில் ஒன்று வேறொரு செல்லுக்குள் குடியேறி அங்கேயே தங்கிவிட்டது. அதன் வழித்தோன்றல்தான் இன்று ஒவ்வொரு பச்சை இலைக்குள்ளும் இருக்கும் பசுங்கணிகம். எனவே செடிதான் இவற்றைப் போல. 'சயனோ' என்பது நீலம். பச்சையத்தோடு பைக்கோசயனின் என்ற நீல நிறமியும் சேர்ந்திருப்பதால் அந்தப் பெயர்.

இப்போது ஏரிகளுக்குத் திரும்புவோம். அருகருகே இருக்கும் இரண்டு ஏரிகளில் ஒன்று இனிப்பதும் மற்றொன்று கரிப்பதும் ஏன்? இரண்டுமே பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் தரையில் கிடப்பவை. இரண்டிலிருந்தும் வெளியேறும் ஆறு கிடையாது. சுற்றிலும் எரிமலைப் பாறை. மழைநீர் அந்தப் பாறையைத் தழுவி இறங்கும்போது சோடியத்தையும் கார்பனேட்டையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நைவாஷாவின் அடி கசியும் பானையைப் போன்றது. நீர் நிலத்தடியாக வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. நகுருவில் நீர் வெளியேற ஆவியாவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆவி உப்பைத் தூக்கிச் செல்லாது. நேற்றைய குழம்பை அடுப்பில் வைத்துச் சுண்டவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது.

அந்தக் குழம்பில் இருப்பது நம் சமையல் உப்பு மட்டுமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெரும்பங்கு சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். சலவைச் சோடா என்று கடையில் வாங்குவதும், முன்பு துணி வெளுக்கப் பயன்பட்ட உவர்மண்ணில் இருந்ததும் இந்தச் சரக்குதான். தெற்கே மகாடி ஏரியில் நூறாண்டுகளுக்கு மேலாக இதை வெட்டி எடுத்து விற்கிறார்கள். இத்தகைய நீரின் காரத்தன்மை பி.எச். அளவில் 10ஐத் தொடும். 'உவர் ஏரி' என்றவுடன் கடலை நினைத்துக்கொண்டால் பாதிக் கதை தவறிவிடும்.

அளவுகளைப் பார்க்கலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நைவாஷாவில் அரை கிராமுக்கும் குறைவு. வடக்கே வெந்நீர் ஊற்றுகள் பொங்கும் போகோரியா ஏரி நெடுங்காலம் கடலையும் விஞ்சி நின்றது. நகுரு ஓர் இடத்தில் நிற்காது. மழை மிகுந்த ஆண்டுகளில் லிட்டருக்கு 10 கிராம் அளவுக்கு இறங்கியிருக்கிறது, வறண்ட ஆண்டுகளில் 100 கிராமைத் தாண்டியிருக்கிறது. ஒரே ஏரியில் பத்து மடங்கு ஏற்ற இறக்கம்! இதற்குக் காரணம் அதன் ஆழமின்மை. பல ஆண்டுகளில் நடுவில்கூட இரண்டு மூன்று மீட்டர்தான் தண்ணீர். 1990களின் நடுவில் பெரும்பகுதி வறண்டு வெள்ளைப் புழுதி பறந்தது.

இந்த உப்பு ஒரு நுண்ணுயிரை என்ன செய்கிறது?

மாவடு ஊறப்போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பைத் தூவி ஜாடியில் குலுக்கி வைத்தால் மறுநாள் வடு சுருங்கியிருக்கும், அடியில் நீர் நின்றிருக்கும். வெளியே உப்பு அதிகம் என்றால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படும். ஒற்றைச் செல் உயிருக்கு அதுவே மரணம். தப்பிக்க அதற்குத் தெரிந்த வழி, உள்ளேயும் ஏதாவது ஒரு பொருளைக் கரைத்து வைத்து வெளியழுத்தத்தைச் சமன்செய்வது. அந்தப் பொருள் செல்லின் வேலைகளைக் கெடுக்காததாக இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் சயனோபாக்டீரியாக்களிடையே ஓர் அழகான வரிசை உண்டு. நன்னீர் வகைகள் பெரும்பாலும் சாதாரணச் சர்க்கரையையோ ட்ரெஹலோஸ் என்ற அதன் உறவுக்காரச் சர்க்கரையையோ சேர்த்துவைக்கும்; இது கொஞ்சம் உப்பைத்தான் தாங்கும். கடல் அளவு உப்பில் வாழ்பவை குளுக்கோசில்கிளிசரால் என்ற சேர்மத்தைச் செய்துகொள்ளும். அதற்கும் மேல், உப்பளப் பாத்தி அளவு உப்பில் வாழ்பவை கிளைசின் பீட்டைன் என்ற பொருளுக்கு மாறிவிடுகின்றன. உள்ளே என்ன கரைந்திருக்கிறது என்று பார்த்தே அந்த உயிர் எவ்வளவு உப்புவரை போகும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. ஒளிச்சேர்க்கையில் சம்பாதித்ததில் ஒரு பங்கு இந்தக் காப்புக்கே போய்விடுகிறது. சிறிய வருமானக்காரர்கள் அந்த வாடகையைக் கட்ட முடியாமல் இடத்தைக் காலி செய்கிறார்கள்.

யார் எங்கே வசிக்கிறார்கள் என்று இனிப் பார்க்கலாம்.

நன்னீர்ப் பக்கத்தில் பேர்பெற்றது மைக்ரோசிஸ்டிஸ். குண்டூசித் தலையைவிடப் பன்மடங்கு சிறிய உருண்டைச் செல்கள், வழவழப்பான கூழுக்குள் கூட்டமாகப் பதிந்திருக்கும். செல்லுக்குள் காற்றறைகள் இருப்பதால் விரும்பியபோது மேலே மிதந்து ஒளியைப் பிடித்துக்கொள்ளும். ஏரியில் சாக்கடையும் உரமும் கலந்துவிட்டால் பெயின்ட் கொட்டியதுபோல் மேற்பரப்பெங்கும் படரும். அவற்றில் பல வகைகள் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் சுரப்பவை. நைவாஷாவில் இது இருக்கிறது. கூடவே இழை வகைகள், பச்சைப்பாசிகள், கண்ணாடி ஓடு போட்ட டயட்டம்கள் என்று பல கும்பல்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பருவம். மண் கலங்கிய காலத்தில் ஒன்று மேலெழும், காற்று அடங்கினால் இன்னொன்று. உப்பு லிட்டருக்கு 10 கிராம் அளவை எட்டும்போது மைக்ரோசிஸ்டிஸ் பொதுவாகத் திணறத் தொடங்கும்.

நடுத்தர உப்பில் வேறு ஆட்கள். நோடுலேரியா அவற்றில் ஒன்று. தென் ஆஸ்திரேலியாவின் ஆழமற்ற அலெக்சாண்ட்ரினா ஏரியில் பச்சைப் படலம் படர்ந்த நீரைக் குடித்த கால்நடைகள் இறந்ததை ஜார்ஜ் ஃபிரான்சிஸ் என்பவர் 1878இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். சயனோபாக்டீரிய நஞ்சைப் பற்றிய முதல் அறிவியல் குறிப்பாக அதைத்தான் சொல்வார்கள். அந்தப் படலம் நோடுலேரியா. கென்யாவின் சோடா ஏரிகளில் உப்பு தளரும்போது தலைதூக்குவது அனபீனாப்சிஸ். இவை இரண்டும் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கக்கூடியவை. அதற்கென்று இழையில் ஆங்காங்கே தடித்த சுவருள்ள தனிச் செல்களை ஒதுக்கி வைத்திருக்கும். ஹெட்டிரோசிஸ்ட் என்று பெயர். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பாலுக்குப் பக்கத்தில் எலுமிச்சையை வைக்காத வீட்டு ஒழுங்குதான்.

மேலும் உப்பு ஏறினால் இந்த ஹெட்டிரோசிஸ்ட் குடும்பம் அருகிப்போகிறது. எனவே 'உப்பு ஏறினால் வகைகளின் எண்ணிக்கை குறையும்' என்று மட்டும் சொல்வது போதாது. எந்தத் தொழில் தெரிந்தவர்கள் குறைகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு வருவது ஆர்த்ரோஸ்பைரா. மருந்துக்கடையில் 'ஸ்பைருலினா' என்ற பெயரில் மாத்திரையாக விற்கிறார்களே, அதே உயிர்தான். ஸ்பைருலினா என்பது உண்மையில் வேறொரு பேரினத்தின் பெயர். வணிகப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆரோவில்லில்கூடத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள், அதற்கும் சோடா கலந்த கார நீர்தான் ஊற்ற வேண்டும். சாட் நாட்டில் கானெம்பு இனப் பெண்கள் சோடா ஏரியின் ஓரத்தில் இதை வழித்து மணலில் உலர்த்தி 'டிஹே' என்ற வில்லைகளாக்கிச் சாறு வைக்கிறார்கள். அந்தப் பகுதியின் ஏரிகளை ஆராய்ந்தபோது கிடைத்த முடிவு பாடப்புத்தகத்தில் போடத்தக்கது: உப்பு குறைந்த ஏரிகளில் கலவையான கூட்டம், லிட்டருக்கு 30 கிராமைத் தாண்டியவற்றில் ஏறத்தாழ இது ஒன்றே.

ஆர்த்ரோஸ்பைரா உப்பைப் பொறுத்துக்கொண்டு அரைப்பட்டினியில் கிடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு அது சொர்க்கம். ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான கார்பன் பைகார்பனேட்டாக நீரெங்கும் கரைந்து கிடக்கிறது, பாஸ்பரஸுக்கும் பஞ்சமில்லை, வெயிலுக்கோ நிலநடுக்கோடே காவல். போகோரியாவில் நல்ல பருவத்தில் ஒரு வெள்ளைத் தட்டை நீரில் இறக்கினால் ஒரு சாண் ஆழத்துக்குள் மறைந்துவிடும், அவ்வளவு அடர்த்தி. உலகிலேயே மிகுந்த விளைச்சல் தரும் நீர்நிலைகளில் இந்தச் சோடா ஏரிகளும் அடங்கும். வகை குறைந்தால் வளமும் குறையும் என்ற நம் பொதுப்புத்தி இங்கே செல்லுபடியாகவில்லை.

உப்பு இன்னும் ஏறி மகாடி போல் கட்டிதட்டத் தொடங்கினால் பச்சையே பின்வாங்கி, உப்பு விரும்பும் வேறு நுண்ணுயிர்களால் நீர் சிவக்கும். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்து உப்பளங்களில் கடைசிப் பாத்திகள் இளஞ்சிவப்பாகத் தெரிவதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

இதுவரை உயிர்வகைகளின் 'பன்மை'யைப் பற்றி மேலோட்டமாகவே பேசிவிட்டேன். அதை எப்படி அளப்பது? ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு ஏரிகளில் ஆளுக்கு ஆயிரம் செல்களை எண்ணுகிறோம். இரண்டிலும் ஐந்து இனங்கள். முதல் ஏரியில் ஒவ்வொன்றும் 200. இரண்டாவதில் ஓர் இனம் 996, மற்ற நான்கும் தலைக்கு ஒன்று. இனங்களின் எண்ணிக்கை சமம்தான், ஆனால் இரண்டும் ஒரே பன்மை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனவே எத்தனை இனம் என்பதோடு, எவ்வளவு சமமாகப் பங்கிட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்தே ஆய்வாளர்கள் கணக்கிடுவார்கள். சோடா ஏரிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. எண்ணும்போது அந்த நான்கு செல்கள் கண்ணில் படாமல் போனால் 'ஒரே இனம்' என்று எழுதிவிடுவோம்.

கண்ணில் படாமல் போவது அடிக்கடி நடக்கிறது. நுண்ணோக்கியில் உருவத்தைப் பார்த்து அடையாளம் காண்பது பழைய முறை. அந்தக் கலையில் சென்னைக்குப் பெரிய பெயர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட 'சயனோபைட்டா' என்ற நூல், செல்லின் வடிவம், இழையின் அகலம், உறையின் தடிமன் என்று படங்களோடு விவரித்து உலகெங்கும் ஆய்வுக்கூட மேசைகளில் இடம் பிடித்தது. ஆனால் உருவத்துக்கும் எல்லை உண்டு. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் சைனெகோகாக்கஸ் போன்ற துகள் வகைகள் எல்லாம் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். நீரிலுள்ள மரபுப் பொருளைப் பிரித்துப் படிக்கும் முறை வந்த பிறகு, வெறும் புள்ளி என்று ஒதுக்கியதற்குள் பல தனித்தனி மரபுகள் இருப்பது தெரிந்தது. உவர் ஏரிகளும் இதற்கு விலக்கல்ல. மரபுமுறைக்கும் கோளாறு உண்டு: செத்ததன் எச்சமும் உயிருள்ளதும் அதற்கு ஒன்றே. இரு முறைகளையும் சேர்த்துப் பார்ப்பவரைத்தான் நான் நம்புவேன்.

இன்னொரு மறைவிடம் அடித்தளம். ஆழமற்ற ஏரியில் வெளிச்சம் சேறு வரை எட்டக்கூடும். அங்கே சயனோபாக்டீரியாக்கள் பாய் விரித்ததுபோல் படிந்து அடுக்கடுக்காக வளரும். தண்ணீரில் ஒற்றை இனம் ஆண்டுகொண்டிருக்க, கரையோரப் பாயில் பலவகை இழைகள் பின்னிக் கிடக்கலாம். போகோரியாவின் வெந்நீர் ஊற்று வாய்களில் இப்படிப்பட்ட பாய்கள் உண்டு. அங்கே பூநாரைகள் கொத்துக் கொத்தாக இறந்ததன் காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள், அந்தப் பாய்களில் மைக்ரோசிஸ்டினும் அனடாக்சின் என்ற நரம்பு நஞ்சும் இருப்பதை 2003இல் வெளியிட்டார்கள். உப்பைக் கழுவிக்கொள்ள நன்னீர் ஊற்றுக்கு வரும் பறவைகள், குடிக்கும்போது பாயின் துணுக்குகளையும் விழுங்கியிருக்கக்கூடும் என்பது அவர்கள் வாதம். ஏரி நடுவில் மட்டும் நீர் மொண்டவருக்கு இந்த நஞ்சு கண்ணில் பட்டிருக்கவே போவதில்லை.

ஒரே ஒரு நாள் போய் எடுத்த மாதிரியும் அப்படித்தான் ஏமாற்றும். அனபீனாப்சிஸ் போன்றவை காலம் கெட்டால் தடித்த ஓட்டுக்குள் சுருங்கி, விதையைப் போலச் சேற்றில் உறங்கும். உப்பு தளர்ந்ததும் எழுந்துவரும். ஆழமற்ற ஏரியில் ஒரு பலத்த காற்று போதும், சேறு கலங்கி உறங்குபவை எல்லாம் மேலே வந்துவிடும். ஆகவே 'நகுருவில் எத்தனை வகை?' என்று கேட்பவரிடம் 'எந்த ஆண்டு, எந்த மாதம்?' என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

1974இல் அது நன்றாகவே தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நகுரு கெட்டியான ஆர்த்ரோஸ்பைரா கஞ்சியாக இருந்தது. சிறு பூநாரைகள் லட்சக்கணக்கில் நின்று மேய்ந்தன. அந்தப் பறவையின் அலகுக்குள் மெல்லிய தகடுகளால் ஆன சல்லடை உண்டு. தலையைக் கவிழ்த்து நீரை உறிஞ்சி வெளியே தள்ளினால் ஆர்த்ரோஸ்பைராச் சுருள்கள் சல்லடையில் நின்றுவிடும். அதன் இறகுக்கு வரும் ரோஜா நிறமும் இந்த உணவிலுள்ள நிறமியிலிருந்துதான். 1974இல் அந்தக் கஞ்சி திடீரென்று இற்றுப்போனது. அதன் இடத்துக்கு வந்தவை மிகச் சிறிய உருண்டை வகைகள். நீர் அப்போதும் பச்சைதான். ஆனால் புதிய பச்சை சல்லடைக் கண்ணில் நழுவிப் போயிற்று. பறவைகள் கிளம்பிவிட்டன. அனபீனாப்சிஸ் பெருகும் காலமும் அவற்றுக்கு ஆகாது, அதன் கூழ் சல்லடையை அடைத்துவிடும்.

இதையே இப்போது பெரிய அளவில் பார்க்கிறார்கள். 2010க்குப் பிறகு பள்ளத்தாக்கின் ஏரிகள் எல்லாம் உயரத் தொடங்கின. நகுரு தேசியப் பூங்காவின் பழைய நுழைவாயில் நீருக்குள் போனது, கரையோர வேலமரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போயின. நீர் கூடியதும் உப்பு நீர்த்தது. ஆர்த்ரோஸ்பைராவின் தனியாட்சி தளர்ந்தது. இனப்பட்டியல் நீண்டது என்று ஆய்வாளர் மகிழலாம். பூநாரைக்கு அது பஞ்சம். முன்பு இளஞ்சிவப்பாக இருந்த கரைகளில் மீன்தின்னும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் நிற்கின்றன.

வடக்கே போகோரியாவும் அதன் அண்டை ஏரி பாரிங்கோவும் அதே காலத்தில் வீங்கின. பாரிங்கோ நன்னீர் ஏரி, கலங்கல் நிறம், முதலைகளும் மீனவர்களும் வாழ்வது. அதன் சயனோபாக்டீரியாக்களில் முதன்மையானது மைக்ரோசிஸ்டிஸ். இரண்டுக்கும் இடையே உள்ள தரை குறுகியதைப் பார்த்து, சோடா நீர் என்றாவது பாரிங்கோவுக்குள் புகுந்துவிடுமோ என்று உள்ளூர் மக்கள் அஞ்சுகிறார்கள். அவர்கள் கவலை மீனைப் பற்றியது. நுண்ணோக்கியோடு போகிறவர்களின் கண்ணோ, மைக்ரோசிஸ்டிஸ் திணறும் அந்த லிட்டருக்கு 10 கிராம் என்ற கோட்டின்மேல்தான் இருக்கும்.